கடன் கொடுத்தவர் குரல்: பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியாவும் ஸ்டெர்லிங் இருப்புகளும் (1939–1949)

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டு நிதி அமைப்பில் முடிவெடுக்கும் உரிமை நிதி வழங்கும் நாடுகளையே சாரும் என்பது இன்றைய வாக்குப் பங்கீட்டுக்குச் சொல்லப்படும் முதன்மையான நியாயம் ஆகும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் இந்தியா பிரிட்டனுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்த நாடாக இருந்தது. எனினும் 1944இல் பிரெட்டன் வுட்ஸில் அதன் கோரிக்கைகள் பெரும்பாலும் புறந்தள்ளப்பட்டன. இந்நிகழ்வை ஆராயும் இக்கட்டுரை, மேற்கண்ட நியாயம் அமைப்பின் பிறப்பிலேயே பின்பற்றப்படவில்லை என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: பிரெட்டன் வுட்ஸ், ஸ்டெர்லிங் இருப்புகள், பன்னாட்டு நாணய நிதியம், சண்முகம் செட்டியார், ஒதுக்கீட்டுப் பங்கு.

முன்னுரை

ஆர். கே. சண்முகம் செட்டியாரைத் தமிழ் ஆய்வுலகம் சிலப்பதிகார உரையாசிரியராகவும் தமிழிசை இயக்கத்தின் புரவலராகவும் நன்கறியும். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் அவரே என்பதும் பரவலாக அறியப்பட்ட செய்தி. ஆனால் 1944 சூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், இன்றைய உலக நிதி அமைப்புக்கு அடித்தளமிட்ட மாநாட்டில் அவர் இந்தியப் பேராளராக அமர்ந்திருந்தார் என்பது தமிழில் போதிய கவனம் பெறவில்லை. அம்மாநாட்டில் இந்தியக் குழு எழுப்பிய வினாக்கள் எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் விடை பெறாதவை. பன்னாட்டு நாணய நிதியத்தையும் உலக வங்கியையும் சீர்திருத்தவேண்டும் என்ற இன்றைய வாதங்களை மதிப்பிட அவ்வினாக்களின் வரலாறு துணைசெய்யும்.

1. இருப்புகள் உருவான முறை

போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனுக்கும் இந்திய அரசுக்கும் இடையே பாதுகாப்புச் செலவுப் பகிர்வு உடன்பாடு ஏற்பட்டது. இதன்படி அமைதிக்காலச் செலவையும் இந்திய நலனுக்கான போர்ச் செலவையும் இந்தியா ஏற்கவேண்டும். எஞ்சியதைப் பிரிட்டன் ஏற்கும். தோற்றத்தில் இது இந்தியாவுக்குச் சாதகமான உடன்பாடு. ஆனால் பணம் செலுத்தப்பட்ட முறையில் சிக்கல் இருந்தது. பிரிட்டன் தன் பங்கை இலண்டனில் ஸ்டெர்லிங்காக இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்கில் வரவு வைத்தது. அந்த ஸ்டெர்லிங் பத்திரங்களை ஈடாகக் கொண்டு ரிசர்வ் வங்கி இந்தியாவில் ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. அத்தாள்களைக் கொண்டு படைகளுக்குத் தேவையான தானியமும் துணியும் பிற பொருள்களும் வாங்கப்பட்டன.

இதன் விளைவு இருவகைப்பட்டது. இலண்டனில் இந்தியாவின் இருப்பு வளர்ந்தது. இந்திய அரசின் பழைய ஸ்டெர்லிங் கடனும் பெரும்பாலும் தீர்க்கப்பட்டது. நெடுங்காலம் கடனாளியாக இருந்த நாடு கடன் கொடுத்த நாடாயிற்று. மறுபுறம், இந்தியாவில் புழங்கிய பணத்தாள்களின் அளவு போர்க்காலத்தில் ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது. பொருள்கள் படைக்குச் செல்ல, பணம் மட்டும் சந்தையில் மிகுந்தது. இவ்வாறு எழுந்த விலையேற்றம், சுமார் 30 இலட்சம் உயிர்களைப் பறித்ததாக மதிப்பிடப்படும் 1943 வங்காளப் பஞ்சத்தின் காரணங்களுள் ஒன்று.

எனவே ஸ்டெர்லிங் இருப்பு என்பது சேமித்த செல்வம் அன்று. மக்கள் உண்ணாமலும் உடுத்தாமலும் விட்ட நுகர்வே இலண்டன் கணக்கேட்டில் எண்ணாகப் பதிவாயிற்று. 1947 ஆகஸ்டில் இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட கணக்கின்படி அந்த எண் சுமார் 116 கோடி பவுண்டு.

2. மாநாட்டுக்கு முந்தைய வரைவுகள்

போருக்குப் பிந்தைய நாணய ஒழுங்குக்கு இரு திட்டங்கள் 1943இல் வெளியிடப்பட்டன. பிரிட்டன் சார்பில் ஜான் மேனார்டு கெயின்ஸ் முன்வைத்த பன்னாட்டுத் தீர்வு ஒன்றியம் ‘பான்கோர்’ என்னும் பொது நாணய அலகை முன்மொழிந்தது. வணிகத்தில் பற்றாக்குறை காணும் நாடு மட்டுமன்றி, மிகுதி குவிக்கும் நாடும் சரிசெய்தலின் சுமையை ஏற்கவேண்டும் என்பது அதன் சிறப்புக் கூறு. அமெரிக்கக் கருவூலத்தின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் வகுத்த திட்டம், உறுப்பு நாடுகள் பங்களிக்கும் வரையறுக்கப்பட்ட நிதியத்தை முன்மொழிந்தது. இறுதியில் ஒயிட்டின் வடிவமே வென்றது.

இங்குக் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. போர்க்காலத்தில் முடக்கப்பட்ட நாணய இருப்புகளைப் படிப்படியாகத் தீர்ப்பதற்கான வழிமுறை ஒயிட்டின் 1943 வரைவில் இடம்பெற்றிருந்தது. 1944 ஏப்ரலில் வல்லுநர்களின் கூட்டறிக்கை வெளியானபோது அது நீக்கப்பட்டிருந்தது. ஆகவே பிரெட்டன் வுட்ஸில் இந்தியா கேட்டது புதுமையான சலுகை அன்று. முன்பு வரைவில் இருந்து பின்பு எடுக்கப்பட்ட ஒன்றை மீண்டும் சேர்க்கவே அது கோரியது.

3. இந்தியக் குழுவின் மூன்று கோரிக்கைகள்

44 நாடுகள் பங்கேற்ற மாநாடு 1944 சூலை 1 முதல் 22 வரை நடைபெற்றது. இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜெரமி ரைஸ்மன் இந்தியக் குழுவுக்குத் தலைமையேற்றார். ரிசர்வ் வங்கி ஆளுநர் சி. டி. தேஷ்முக், பொருளியல் ஆலோசகர் தியோடர் கிரெகரி, சண்முகம் செட்டியார், தொழில்துறையைச் சார்ந்த ஏ. டி. ஷ்ராப், பி. கே. மதன் ஆகியோர் குழுவில் இருந்தனர். தலைவர் ஆங்கிலேயர், காங்கிரசுத் தலைவர்கள் பலர் அப்போது சிறையில் இருந்தனர். இவ்வரையறைகளுக்கு உட்பட்டே குழு செயல்பட்டது.

முதற் கோரிக்கை நோக்கம் பற்றியது. பொருளாதாரத்தில் பின்தங்கிய நாடுகளின் வளங்களை முழுமையாகப் பயன்படுத்தத் துணைபுரிவதும் நிதியத்தின் நோக்கங்களுள் ஒன்றாகவேண்டும் என்று குழு வலியுறுத்தியது. வேலைவாய்ப்பின் உயர்நிலையைக் காப்பது தொழில்வளம் மிக்க நாடுகளின் கவலை; வறுமையே நிலையாகிவிட்ட நாடுகளுக்கு அது போதாது என்பதே வாதத்தின் சாரம். கோரிய சொற்கள் ஏற்கப்படவில்லை. எனினும் நிதிய உடன்படிக்கையின் முதல் விதியில் உறுப்பு நாடுகள் அனைத்தின் உற்பத்தி வளங்களை வளர்த்தல் என்ற தொடர் சேர்க்கப்பட்டது. பின்தங்கிய நாடுகள் என்ற சுட்டு மறைந்து, ‘அனைத்தும்’ என்ற பொதுமை வந்தது.

இரண்டாவது கோரிக்கை ஸ்டெர்லிங் இருப்பில் ஒரு பகுதியையேனும் பிற நாணயங்களாக மாற்ற நிதியம் உதவவேண்டும் என்பது. ஷ்ராப் இதனை வற்புறுத்தினார். பெருமளவு ஸ்டெர்லிங் வைத்திருந்த எகிப்தும் இக்கருத்தை ஆதரித்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் மறுத்தன. இது தொடர்புடைய இரு தரப்பினரும் தமக்குள் தீர்க்கவேண்டிய கடன் என்பது கெயின்ஸின் நிலைப்பாடு. 880 கோடி டாலர் அளவே திட்டமிடப்பட்ட நிதியம் போர்க்கடன்களின் சுமையைத் தாங்காது என்ற மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இரு தரப்பினரும் தமக்குள் பேசுவது என்பதன் பொருள், ஆட்சிக்குட்பட்ட நாடு தன்னை ஆளும் நாட்டோடு தனித்துப் பேசுவது என்பதாகும்.

மூன்றாவது கோரிக்கை ஒதுக்கீட்டுப் பங்கு பற்றியது. அமெரிக்காவுக்கு 275 கோடி, பிரிட்டனுக்கு 130 கோடி, சோவியத்துக்கு 120 கோடி, சீனாவுக்கு 55 கோடி, பிரான்சுக்கு 45 கோடி, இந்தியாவுக்கு 40 கோடி டாலர் என வரையறுக்கப்பட்டது. தேசிய வருமானம், வணிகம், பொன்னிருப்பு ஆகியவற்றைக் கொண்ட வாய்பாட்டின் துணையுடன் பங்குகள் கணக்கிடப்பட்டன. ஆனால் பெருநாடுகளின் பங்குகள் எவ்வளவு அமையவேண்டும் என்பதை ஒயிட் முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ப வாய்பாட்டை உருவாக்கப் பணித்தார் என்பதை அதனை வகுத்த ரேமண்ட் மைக்செல் பின்னாளில் எழுதியுள்ளார். முதல் ஐந்து நாடுகளுக்கே செயற்குழுவில் இயக்குநரை நியமிக்கும் உரிமை உண்டு, இந்தியா ஆறாவது. சோவியத் ஒன்றியம் உடன்படிக்கையை ஏற்காது விலகியதால் மட்டுமே இந்தியாவுக்கு அவ்வுரிமை கிட்டியது.

4. மாநாட்டுக்குப் பின்

1945 டிசம்பரில் கையெழுத்தான ஆங்கிலோ–அமெரிக்க நிதி உடன்பாட்டில், ஸ்டெர்லிங் இருப்புகளில் ஒரு பகுதியை உடனே விடுவிப்பது, ஒரு பகுதியைத் தவணையாக விடுவிப்பது, எஞ்சியதைப் போர்ப் பங்களிப்பாகக் கருதிச் சரிக்கட்டுவது என்ற திட்டம் இடம்பெற்றது. பன்னாட்டு அரங்கில் பேசத்தகாத இருதரப்புக் கடன் என்று சொல்லப்பட்ட ஒன்றைப் பற்றி, கடன் கொடுத்தவர் இல்லாத அறையில் மூன்றாம் நாடு ஒன்றுடன் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது.

இந்தியாவின் இருப்பு தள்ளுபடி ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் அதை வேண்டியபோது பயன்படுத்த இயலவில்லை. 1948 சூலையில் நிதியமைச்சர் சண்முகம் செட்டியார் இலண்டன் சென்று செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இந்தியாவில் விட்டுச்செல்லப்பட்ட படைத் தளவாடங்களுக்காக 10 கோடி பவுண்டு கழிக்கப்பட்டது. ஆங்கிலேய அலுவலர்களின் ஓய்வூதியத்துக்காகவும் பெருந்தொகை ஒதுக்கப்பட்டது. விடுவிக்கப்பட்டதில் டாலராக மாற்றத்தக்க பகுதி மிகச் சிறியதே. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டபோது ரூபாயும் உடன் குறைந்தது. ரூபாய்க் கணக்கில் இழப்புத் தெரியவில்லை. டாலர்க் கணக்கில் எஞ்சிய இருப்பு 30 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது.

இதே காலத்தில், டாலர் பற்றாக்குறையால் இந்தியா 1948–49இல் பன்னாட்டு நாணய நிதியத்திலிருந்து ஏறத்தாழ 10 கோடி டாலர் பெற்றது. 1949 ஆகஸ்டில் இரயில்வேக்காக உலக வங்கியிடம் 3.4 கோடி டாலர் கடன் வாங்கியது. இலண்டனில் பெரும் இருப்பை வைத்துக்கொண்டே இந்தியா வாஷிங்டனில் கடனாளியாக நின்றது.

5. இன்றைய சீர்திருத்த வாதங்களுக்கான பொருத்தம்

இன்று நிதியத்தின் முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காட்டு வாக்கு தேவை. 16 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வைத்திருக்கும் அமெரிக்கா தனித்தே அவற்றைத் தடுக்க இயலும். 2010இல் ஏற்கப்பட்ட பங்குச் சீர்திருத்தம் 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இந்தியாவின் பங்கு 2.75 விழுக்காடு, பிரிட்டனின் பங்கு 4.23 விழுக்காடு. 2023 டிசம்பரில் முடிந்த மறுஆய்வு மொத்தப் பங்கை 50 விழுக்காடு உயர்த்த இசைந்தது; நாடுகளுக்கிடையிலான விகிதத்தை மாற்றவில்லை. 2021இல் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு எடுப்புரிமைகள் வழங்கப்பட்டபோது, பங்கு விகிதப்படியே பிரிக்கப்பட்டதால் ஆப்பிரிக்கா முழுமைக்கும் கிடைத்தது சுமார் 3,300 கோடி டாலர். பார்படோஸ் பிரதமர் மியா மோட்லி 2022இல் முன்வைத்த பிரிட்ஜ்டவுன் திட்டம், பயன்படாத எடுப்புரிமைகளைத் தேவையுள்ள நாடுகளுக்குத் திருப்பவும், இயற்கைப் பேரிடர்க் காலத்தில் கடன் தவணையை நிறுத்திவைக்கவும் கோருகிறது.

இத்தகைய கோரிக்கைகளுக்கு எதிராக, பணம் தருபவரே விதி வகுக்க உரியர் என்ற விடை எழுகிறது. 1944ஆம் ஆண்டின் சான்று இதற்கு மாறானது. அன்று பணம் தந்த நாடு இந்தியா. விதி வகுத்தவை பிரிட்டனும் அமெரிக்காவும். பங்களிப்பு வாக்குரிமையைத் தீர்மானிக்கவில்லை. எந்தப் பங்களிப்பு கணக்கில் சேரும் என்பதை அதிகாரமே தீர்மானித்தது. காலநிலை மாற்றத்தில் சிறுபங்கே கொண்ட நாடுகள் அதன் பெருஞ்சுமையைத் தாங்கும் இக்காலத்திலும், எது கடன், யார் கடனாளி என்ற வரையறையே முதன்மையான வினாவாகிறது.

முடிவுரை

பிரெட்டன் வுட்ஸில் இந்தியா வென்றது ஒரு விதியில் சேர்ந்த சில சொற்களையும் தற்செயலாகக் கிடைத்த ஓர் இருக்கையையும் மட்டுமே. எனினும் வளர்ச்சியை உலக நிதி அமைப்பின் பொறுப்பாக்கவேண்டும் என்ற கோரிக்கை அதன் தொடக்கநாளிலேயே எழுந்தது என்பதை அவை உறுதிசெய்கின்றன. சீர்திருத்தம் என்பது பிற்காலத்தார் புதிதாகக் கேட்கும் சலுகை அன்று. அதே வேளையில், இந்தியக் குழு பேசியது ரிசர்வ் வங்கியின் சொத்தைப் பற்றி. அச்சொத்துக்கு விலை கொடுத்த வங்காளத்து உழவரும் கூலித் தொழிலாளரும் அக்கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை. நாடுகளுக்கிடையே நியாயத்தைக் கோரும் எந்தச் சீர்திருத்தமும், நாட்டுக்குள் சுமையை யார் தாங்கினர் என்ற வினாவையும் உடன்கொண்டு செல்லவேண்டும் என்பது இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவாகும்.