ஓதம் ஏறிய சுவர்கள்

மேற்கே அரபிக் கடலும் வடக்கே மித்தி நதி வந்து கலக்கும் கழியும் சூழ்ந்த மாஹிம், பம்பாயின் ஏழு தீவுகளில் ஒன்றாயிருந்த காலந்தொட்டு ஈரத்தோடு குடித்தனம் நடத்திவரும் ஊர். அதனை ஒட்டிய தாராவியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய நம்மவர்கள், சொந்த ஊரில் ஒரு பகல் வெயிலில் உலர்ந்துவிடும் சுவரையே கண்டு பழகியவர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரைக்குள் ஏறத்தாழ 2,200 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்க்கும் இந்நகரத்திலோ, ஆடி மாதத்தில் துவைத்த துண்டு மூன்று நாளாகியும் உலராமல் நாறும்; குளிக்கும் இடத்துச் சுவரில் கரும்புள்ளியாய்த் தோன்றும் பூஞ்சை, ஆவணிக்குள் முழங்கால் உயரத்திற்கு ஏறிவிடும்.

'சால்' எனப்பட்ட அக்காலத்து வரிசை அறைக் குடியிருப்புகளில் தனிக் குளியலறை ஏது? ஒற்றை அறையின் மூலையில் கருங்கல் பலகை பதித்து, ஒரு சாண் உயர வரம்பு கட்டிய 'மோரி' ஒன்றே பாத்திரம் துலக்கவும், புடைவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு பெண்டிர் நீராடவும் பயன்பட்டது. அதன் நீர் சுவர்த் துவாரத்தின் வழியே இரு கட்டடங்களுக்கு இடைப்பட்ட இருண்ட சந்தில் போய் விழும். சந்தின் ஈரமோ அதே சுவரின் வழியாகத் திரும்ப அறைக்குள் ஏறும்.

1896 செப்டம்பரில் மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ வீகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தபோது, சர்க்காரின் சந்தேகம் முழுவதும் இந்த ஓதத்தின்மீதும் இருளின்மீதுமே விழுந்தது. வீடுகளின் கூரையோடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மனித வாசத்திற்குத் தகுதியற்றவை என்று தீர்ந்த அறைகளின்மேல் யு.எச்.எச். என்ற மூன்றெழுத்து முத்திரையைப் பொறித்தார்கள். பிளேக்கைப் பரப்புவது எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே என்று பின்னர் விஞ்ஞானம் நிரூபித்தது. ஆயினும், பிழையான காரணத்தினின்று பிறந்த அந்த நடவடிக்கைகளின் பயனாக, ஒளியும் காற்றும் சட்டத்தின் விஷயங்களாயின என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

1898இல் பிறந்த பம்பாய் அபிவிருத்தி டிரஸ்ட் வகுத்த விதிகளுள், என் கருத்தில், தலையாயது 63½ பாகை விதி. எதிர்க் கட்டடத்தின் உச்சியிலிருந்து நம் அறைச் சுவரின் அடிக்கு இழுத்த கோடு, தரையோடு அந்தக் கோணத்திற்கு மேற்படலாகாது. அதாவது எதிர்க் கட்டடம் நாற்பது அடி உயரமானால், இடையே இருபது அடியேனும் வானம் திறந்திருக்க வேண்டும். டிரஸ்டின் தலைவராயிருந்த ஜே. பி. ஆர், 1912இல் பம்பாய் வீடுகளின் ஒளியையும் காற்றையும் பற்றி ஒரு பிரசங்கமே நிகழ்த்தி, அதனை நகரத்தார்க்கு விளக்கினார்.

தாழ்ந்த நிலங்களை மண்ணிட்டு உயர்த்தி அந்த டிரஸ்ட் வகுத்த மாதுங்காவில், 1930களிலும் 1940களிலும் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. அவர்கள் ஏறிய மாடி வீடுகளில்தான் ஸ்நான அறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே இடம்பெற்றன. ஆசாரம் மிகுந்த முதியவர்களுக்கு அது சங்கடமாயிருந்தது உண்மையே. ஆனால் அவ்வறைகளின் ஜன்னல் வெளிப்புறத்தை நோக்கியிருந்ததும், மழைச் சாரலைத் தடுக்க அதன்மேல் சஜ்ஜா நீண்டிருந்ததும் பூஞ்சைக்கு உகந்தவை அல்ல.

தீபாவளிக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கமும் துணை நின்றது. நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை வேர்கொள்வதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று நாளடைவில் அது வெறும் சுண்ணக்கல்லாக மாறிவிடுவதனால் ஆண்டுதோறும் புதிதாக அடிக்க நேர்ந்தது. சுவர் உள்வாங்கிய ஈரத்தை வெளியே விடவும் அது தடை செய்யவில்லை. பளபளப்புக்காக அதன் இடத்தில் வந்த எண்ணெய் வர்ணமோ, உள்ளிருந்து வரும் நீரைத் தோலுக்கடியில் தேக்கி, கொப்புளமிட்டு உரிந்து, அந்த உரிந்த இடங்களில் பூஞ்சைக்குப் பாய் விரித்தது.

1947இன் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்திக் குடியிருப்போரைக் காத்தது. அதே காரணத்தால் பழுதுபார்க்கும் கடமையிலிருந்து வீட்டுக்காரரின் மனம் விலகிற்று. பின்சுவரின் இரும்புக் குழாய் வெடித்த இடத்தில் அரசங்கன்று முளைத்து, அதன் வேரைப் பின்பற்றி நீர் மூன்று மாடி இறங்கும் காட்சியை இன்றும் பழைய கட்டடங்களில் காணலாம். அந்தச் சுவருக்கு உட்புறத்தில் குடியிருப்பவர் எத்தனை முறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாலும், அடுத்த மழைக்குக் கரி திரும்பத்தான் செய்யும். குழாயை அடைப்பதும், குளித்தபின் தரை நீரை வழித்துத் தள்ளி ஜன்னலைத் திறந்து வைப்பதுமே நிவாரணம்.

திறந்து வைக்க ஜன்னலும், அதற்கு அப்பால் ஆகாயமும் இருந்தால் அல்லவா? கோவண்டி, மான்குர்டு பக்கத்து மறுவாழ்வுக் குடியிருப்புகளில் நெருங்கி நிற்கும் கட்டடங்களின் வெளிச்சம் புகாத வீடுகளையும் அங்கே மிகுந்த காசநோயையும் மருத்துவர்கள் தொடர்புபடுத்திக் காட்டியிருக்கிறார்கள். நூறாண்டுக்கு முன் இந்நகரமே அளந்து வகுத்த கோணத்தை இந்நகரமே கைவிட்டது பெரும் பிழை என்பது என் துணிபு. தாராவி இப்போது மறுநிர்மாணத்தை எதிர்நோக்கி நிற்கிறது. உங்கள் கட்டடத்தின் வரைபடத்தை அதிகாரிகள் விரித்துக் காட்டும் நாளில், வீட்டின் சதுர அடியைக் கேட்பதோடு நின்றுவிடாமல், குளியலறை ஜன்னலுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே எத்தனை அடி என்பதையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.