செயற்கை நுண்ணறிவு வழி மென்பொருள் பணிப்பகுப்பு

செயற்கை நுண்ணறிவு வழி மென்பொருள் பணிப்பகுப்பு என்பது, ஒரு மென்பொருளில் சேர்க்க வேண்டிய புதிய வசதியைத் திட்டமிடுவதற்கும், அதனைச் சிறு பணிகளாகப் பிரிப்பதற்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் பயன்படுத்தும் முறை ஆகும். சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி முதலிய உதவியாளர்கள் இதற்குப் பயன்படுகின்றன. நிரலாளர் தமக்கு வேண்டிய வசதியை இயல்பான மொழியில் விவரிப்பார். உதவியாளர் அதற்குரிய பணிகளையும், அவற்றைச் செய்யும் வரிசையையும், தேவையான சோதனைகளையும் பட்டியலிட்டுத் தரும். பட்டியலில் எதை ஏற்பது, எதை நீக்குவது, எது விடுபட்டுள்ளது என்பனவற்றைத் தீர்மானிப்பது மனிதரின் பொறுப்பாகும்.

பணிப்பகுப்பின் தேவை

ஒரு வசதியை முழுவதும் ஒரே வேலையாகக் கொண்டால், அதில் எவ்வளவு முடிந்துள்ளது என்பதை அளவிட இயலாது. பலர் பகிர்ந்து செய்வதும் கடினம். வழு ஏற்பட்டால், அது எந்த மாற்றத்தால் வந்தது என்பதைக் கண்டறிவதும் எளிதன்று. இக்காரணங்களால் பெரிய வேலை சிறு பணிகளாகப் பிரிக்கப்படுகின்றது. நல்ல சிறு பணிக்குரிய இயல்புகள் பின்வருமாறு:

* தனியாகச் செய்து முடிக்கக்கூடியதாக இருத்தல்
* சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருத்தல்
* முடிந்ததா இல்லையா என்பதை ஐயமின்றிக் கூறக்கூடியதாக இருத்தல்

வரலாறு

பெரிய திட்டங்களைப் படிநிலையாகப் பிரிக்கும் முறை மென்பொருள் துறையில் தோன்றியதன்று. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காகப் பெர்ட் எனப்படும் திட்டமிடல் முறை உருவாக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் 1962 இல் வெளியிட்ட ஆவணத்தில் பணிப் பகுப்புக் கட்டமைப்பு விவரிக்கப்பட்டது.

மென்பொருள் துறையில், சுவிட்சர்லாந்து நாட்டுக் கணினி அறிவியலாளர் நிக்லாஸ் விர்த் 1971 இல் படிப்படியாக நுணுக்கும் முறையை விளக்கினார். சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாதவாறு வைக்கும் புதிரை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். 1972 இல் டேவிட் பார்னாஸ் இதில் ஒரு முக்கியமான திருத்தத்தை முன்வைத்தார். நிரல் செயற்படும் வரிசைப்படி அதனைப் பிரிப்பதைவிட, பின்னாளில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் அடக்கிப் பிரிப்பதே சிறந்தது என்பது அவரது கருத்தாகும். 1986 இல் பிரெட் புரூக்ஸ், எதைக் கட்டமைக்க வேண்டும் என்பதைத் துல்லியமாக முடிவு செய்வதே மென்பொருள் உருவாக்கத்தில் மிகக் கடினமான பகுதி என்று வாதிட்டார்.

1990களின் இறுதியில் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில், பயனரின் தேவையைச் சில வரிகளில் கூறும் 'பயனர் கதை' திட்டமிடலின் அலகாகியது. 2001 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்டனர். இதன் பின்னர் சிறு பணிகளாகப் பிரித்துக் குறுகிய கால இடைவெளிகளில் முடிக்கும் வழக்கம் பரவியது.

2021 இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாகவும், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்களுக்கும் வெளியிடப்பட்டன. கோபைலட் தொடக்கத்தில் நிரல் வரிகளை நிறைவு செய்ய மட்டுமே உதவியது. பின்னர் வந்த கருவிகள் ஒரு திட்டத்தின் கோப்புகளைத் தாமே படித்து, மாற்றங்களைச் செய்யும் முன்பு செயல்திட்டம் ஒன்றை வகுத்துத் தரும் திறன் பெற்றன.

செயற்படும் விதம்

இவ்வுதவியாளர்கள் பெரும் மொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டவை. மொழி மாதிரி என்பது, முன்னுள்ள சொற்களைக் கொண்டு அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிக்கும் வகையில் பெருந்தொகையான உரைகளாலும் நிரல்களாலும் பயிற்றுவிக்கப்பட்டதாகும். உள்நுழைவுப் பக்கம், கோப்புப் பதிவேற்றம், கட்டணம் செலுத்துதல் போன்ற வசதிகள் பல்லாயிரம் மென்பொருள்களில் உள்ளன. ஆகையால் இவற்றுக்குரிய வழக்கமான பணிகளை மாதிரி நன்றாகவே பட்டியலிடும்.

ஆனால் ஒரு குழு முன்னர் எடுத்த முடிவுகள், பழைய தரவின் நிலை, பயனர்களின் பழக்கம் ஆகியன உரையாடலிலோ அளிக்கப்பட்ட கோப்புகளிலோ இல்லையெனில், உதவியாளர் அவற்றை அறிய வழியில்லை. அறியாத இடத்தில் அது நின்றுவிடுவதில்லை. பொதுவாக எது பொருந்துமோ அதனைக் கொண்டு நிரப்பிவிடும். எனவே பட்டியல் ஒழுங்காகவும் நீளமாகவும் இருப்பது, அது முழுமையானது என்பதற்குச் சான்றாகாது.

நடைமுறை

இம்முறையில் வழக்கமாகப் பின்பற்றப்படும் படிகள் வருமாறு:

1. தேவையைக் கூறுதல்: வசதி யாருக்கு, எதற்கு என்பனவும், எவை இப்போது வேண்டியதில்லை என்பதும் கூறப்படும்.
2. சூழலை அளித்தல்: தரவுத்தள அமைப்பு, தொடர்புடைய நிரல் கோப்புகள், குழுவின் விதிகள் ஆகியவை தரப்படும்.
3. வினவச் செய்தல்: பட்டியலிடும் முன்பு, தெளிவற்ற இடங்களைக் கேள்விகளாகக் கேட்குமாறு உதவியாளர் பணிக்கப்படும்.
4. பகுத்தல்: ஒவ்வொரு பணிக்கும் அது முடிந்ததை அறியும் சோதனையும், அதற்கு முன் முடிய வேண்டிய பணியும் குறிக்கப்படும்.
5. சரிபார்த்தல்: தரவையும் பயனர்களையும் அறிந்தவர்கள் பட்டியலைப் படித்து, விடுபட்டவற்றைச் சேர்ப்பர், வேண்டாதவற்றை நீக்குவர்.
6. திருத்துதல்: சில பணிகள் முடிந்ததும், கிடைத்த அனுபவத்தைக் கொண்டு எஞ்சிய பட்டியல் மாற்றப்படும்.

இவற்றுள் மூன்றாம் படி பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. எனினும், குழு வெளிப்படையாகக் கூற மறந்த செய்திகள் வெளிவருவது இப்படியிலேயே ஆகும்.

எடுத்துக்காட்டு

ஒரு நூலகத்தின் இணைய நூற்பட்டியலில், நூலின் பெயரைக் கொண்டு தேடும் வசதியைச் சேர்க்க வேண்டும் எனக் கொள்வோம். இவ்வளவு மட்டும் கூறினால் தேடல் பெட்டி, தரவுத்தள வினவல், முடிவுகளைக் காட்டும் பக்கம், சோதனை ஆகியவை பட்டியலில் இடம்பெறும். இவையனைத்தும் தேவையானவையே. ஆயினும் நூற்பெயர்கள் தமிழில் இருந்தால் மேலும் மூன்று பணிகள் உண்டு.

முதலாவது, எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல். ஒருங்குறியில் 'கோ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்னும் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு எண் தொடர்கள். எனவே ஒரு முறையில் தட்டச்சிட்ட 'கோவில்' என்னும் சொல்லைக் கொண்டு தேடினால், மற்ற முறையில் பதிவான நூல் அகப்படாது.

இரண்டாவது, அகரவரிசைப்படுத்தல். ஒருங்குறியில் னகரம் நகரத்திற்கு அடுத்ததாகவும், பகரத்திற்கு முன்னதாகவும் வைக்கப்பட்டுள்ளது. தமிழ் நெடுங்கணக்கிலோ னகரமே இறுதி மெய். குறியீட்டு எண்ணின்படி வரிசைப்படுத்தினால் 'கனவு' முன்னும் 'கபிலர்' பின்னும் வரும். தமிழ் மரபின்படி 'கபிலர்' முன்னே வர வேண்டும்.

மூன்றாவது, பழைய பதிவுகளை மாற்றுதல். ஒருங்குறி பரவலாவதற்கு முன்பு திஸ்கி போன்ற 8 பிட் குறியேற்றங்களில் தமிழ் உள்ளிடப்பட்டது. அத்தகைய பதிவுகளை ஒருங்குறிக்கு மாற்றாமல் தேட இயலாது.

இம்மூன்றும் ஒரே வகையான விடுபடல்கள் அல்ல. நூற்பெயர்கள் தமிழில் உள்ளன என்று கூறினால் முதலிரண்டையும் உதவியாளரே சுட்டிக்காட்டக்கூடும். அவை பொது அறிவைச் சார்ந்தவை. பழைய பதிவுகள் திஸ்கியில் உள்ளன என்பதை அந்நூலகத்தின் பணியாளர் ஒருவர் சொன்னாலொழிய, அல்லது அத்தரவின் மாதிரியைக் காட்டினாலொழிய, அது தெரியவராது. அப்பணி இறுதியில் வெளிப்பட்டால், வசதி முடிந்துவிட்டதாக அறிவித்த பின்னரும் வாசகருக்குப் பழைய நூல்கள் அகப்படாமல் போகும்.

பார்னாஸின் கருத்தை இங்கும் பொருத்தலாம். எழுத்து வடிவத்தைச் சீராக்கும் விதிகள் பின்னாளில் மாறக்கூடியவை. ஆகவே அவற்றைத் தனிக் கூறாக எழுதி, பதிவிடும் பக்கமும் தேடும் பக்கமும் அதனையே அழைக்குமாறு பணிகளைப் பிரிப்பது நன்று.

கால மதிப்பீடு

பணிகளுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்றும் உதவியாளரிடம் கேட்பதுண்டு. ஒரு குறிப்பிட்ட குழுவின் வேகம் அதற்குத் தெரியாது என்பதால் இவ்விடைகளை நம்ப இயலாது. மனிதரின் மதிப்பீடும் குறையற்றதன்று. மக்கள் தம் வேலைக்கான காலத்தைக் குறைத்தே மதிப்பிடும் இயல்பை டேனியல் கானமனும் ஏமோஸ் டிவெர்ஸ்கியும் 1979 இல் 'திட்டமிடல் வழு' எனப் பெயரிட்டு விளக்கினர்.

மீட்டர் என்னும் அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 சூலையில் வெளியிட்ட ஆய்வில், அனுபவமிக்க 16 திறமூல நிரலாளர்கள் தமக்குப் பழக்கமான மென்பொருள்களில் 246 பணிகளைச் செய்தனர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் நேரம் 24% குறையும் என அவர்கள் எதிர்பார்த்தனர். முடித்த பின்பும் 20% குறைந்ததாகவே நம்பினர். அளந்தபோது, கருவிகளைப் பயன்படுத்திய பணிகளுக்கு 19% கூடுதல் நேரம் பிடித்திருந்தது. 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளைப் பற்றிய இச்சிறிய ஆய்வின் முடிவை எல்லா நிலைகளுக்கும் பொதுவாக்க இயலாது. எனினும் நேரம் மிச்சமானது என்னும் உணர்வும், உண்மையில் அளந்த நேரமும் வேறுபடலாம் என்பதை இது காட்டுகின்றது.

பயன்கள்

* வெற்றுத் தாளிலிருந்து தொடங்கும் தயக்கம் நீங்குகிறது.
* பிழைச் செய்திகள், அணுகல் உரிமை, காப்புப்பிரதி போன்று எளிதில் மறக்கப்படும் பொதுவான பணிகள் நினைவூட்டப்படுகின்றன.
* ஒரே வசதியைப் பல வகையில் பிரித்து ஒப்பிட முடிகிறது.

குறைபாடுகள்

* எவரும் கேட்காத வசதிகள் பணிகளாக நுழைந்து வேலையைப் பெருக்கலாம்.
* இல்லாத நிரல்தொகுப்பையோ செயற்கூற்றையோ இருப்பதாகக் கருதித் திட்டம் வகுக்கப்படலாம்.
* நிறுவனத்தின் மறைவான நிரலும் பயனர் தரவும் வெளியார் வழங்கிக்குச் செல்ல நேரிடலாம்.
* குழுவினர் கூடிப் பேசாமல் பட்டியலை அப்படியே ஏற்றால், அப்பேச்சில் வெளிவந்திருக்க வேண்டிய செய்திகள் வெளிவராமல் போகும்.

இவற்றையும் பார்க்க

* மென்பொருள் பொறியியல்
* பெரும் மொழி மாதிரி
* திட்ட மேலாண்மை
* ஒருங்குறி