மயோசின் பிணைப்புப் புரதம்-சி மரபணு நீக்கம்

மயோசின் பிணைப்புப் புரதம்-சி மரபணு நீக்கம் என்பது இதயத் தசைப் புரதம் ஒன்றிற்குரிய மரபணுவில் 25 கார இணைகள் இல்லாதிருக்கும் மாற்றம் ஆகும். தெற்காசிய மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் இதனைக் கொண்டுள்ளனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் பங்கேற்ற ஆய்வு, 2009இல் இதனைப் பரவலாக அறியச் செய்தது.

புரதத்தின் பணி

மயோசின், ஆக்டின் ஆகிய புரத இழைகள் ஒன்றையொன்று இழுப்பதால் இதயம் சுருங்குகிறது. அச்சுருக்கத்தின் வேகத்தையும் வலிமையையும் பிணைப்புப் புரதம்-சி நெறிப்படுத்துகிறது. இதற்குரிய மரபணு 11ஆம் நிறப்புரியில் உள்ளது. இம்மரபணுவின் பிறழ்வுகள் இதயச் சுவரைத் தடிக்கச் செய்யும் இதயத்தசை நோயை உண்டாக்குகின்றன என்பது 1995இல் கண்டறியப்பட்டது.

25 இணை நீக்கம் மரபணுவின் 32ஆம் இன்ட்ரானில் அமைகிறது. இதனால் ஆர்.என்.ஏ. தொகுக்கப்படும்போது 33ஆம் எக்சான் விடுபட்டு, புரதத்தின் இறுதிப் பகுதி மாறிவிடக்கூடும்.

கண்டுபிடிப்பு

இந்நீக்கம் 2003இல் இந்தியக் குடும்பங்களில் பதிவு செய்யப்பட்டது. பின்னர் பெருந்துறை சு. தண்டபாணி, குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் பிறரும் நோயாளிகளையும் நலமுடையோரையும் ஒப்பிட்டனர். இந்தியாவின் பல்வேறு இனக்குழுக்களிலும் இதன் பரவலை அளந்தனர். நீக்கமுடையோருக்கு இதயச் செயலிழப்பு இடர் பன்மடங்கு மிகுதி என அவ்வாய்வு தெரிவித்தது. பாதிப்பு பெரும்பாலும் நடுவயதிற்குப் பின்னரே, அதாவது குழந்தைப்பேற்றுக் காலம் கடந்தபின், தோன்றுவதால் இயற்கைத் தேர்வு இதனை நீக்கவில்லை எனவும் விளக்கப்பட்டது.

மீளாய்வு

பிற்கால ஆய்வுகள் இம்முடிவைத் திருத்தின. நீக்கமுடையோருள் ஒரு சிறு பகுதியினர் அதே மரபணுவில் மற்றொரு பிறழ்வையும் கொண்டிருப்பதை சக்திவேல் சடையப்பன் குழுவினர் 2018இல் காட்டினர். 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, நீக்கத்துடன் சேர்ந்து கடத்தப்படும் ஓர் அரிய பிறழ்வே சுவர் தடிப்பு நோய்க்கான இடரின் பெரும்பகுதிக்குக் காரணம் எனக் கண்டது. எனவே நீக்கம் உள்ளது என்ற சோதனை முடிவு மட்டும் ஒருவரை நோயாளி ஆக்குவதில்லை. குடும்ப வரலாறு, எதிரொலி இதய வரைவு ஆகியவற்றுடன் சேர்த்தே அது மதிப்பிடப்படுகிறது.

சிகிச்சை ஆய்வுகள்

• 2017இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள், இம்மரபணுவின் வேறொரு பிறழ்வை மனிதக் கருவில் கிரிஸ்பர் முறையால் திருத்தினர். அக்கருக்கள் கருப்பையில் பதிக்கப்படவில்லை.
• மிகையான மயோசின் இயக்கத்தைக் குறைக்கும் மாவாகாம்டென் என்னும் மருந்து, அடைப்புடன் கூடிய சுவர் தடிப்பு நோய்க்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.
• குறையற்ற மரபணுவைத் தீநுண்மி வழியாக இதயத்திற்குச் செலுத்தும் மருத்துவ ஆய்வில் 2023இல் முதல் நோயாளி சிகிச்சை பெற்றார்.

ஆய்வுத் துறை

மூலக்கூற்று இதயவியலில் மருத்துவர்களுடன் உயிர்வேதியியல், மரபியல், புள்ளியியல் பயின்றோரும் பணியாற்றுகின்றனர். தண்டபாணி மதுரையில் ஆய்வு மாணவராக இருந்து, நியூயார்க்கில் பணியாற்றியபின், பெங்களூருவிலுள்ள தண்டு உயிரணு அறிவியல் மற்றும் மீளுருவாக்க மருத்துவ நிறுவனத்தில் இதயத்தசை நோய் ஆய்வைத் தொடர்ந்தார்.

இவற்றையும் பார்க்க

• இதயச் செயலிழப்பு
• மரபணு சிகிச்சை