திருவள்ளூர் வட்டார வீடுகளில் மின்தீத் தடுப்பு: ஒரு வரலாறு

சென்னைக்கு வடக்கே எண்ணூரில் தொடங்கி அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை நீளும் நிலப்பகுதி, மின்சாரத்தை ஆக்கும் நிலையங்களும் அதைப் பெருமளவில் பயன்படுத்தும் ஆலைகளும் அருகருகே அமைந்த வட்டாரமாகும். 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களின் நடுவில் தலா 210 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகளுடன் அத்திப்பட்டில் எழுந்த வட சென்னை அனல்மின் நிலையம், பின்னர் வந்த 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம் ஆகியவை இதன் ஒரு முகம். 1971இல் நிறுவப்பட்ட சிப்காட் என்னும் மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் அமைத்த வளாகமும் அதன் இரும்புருக்கு ஆலைகளும் மற்றொரு முகம். 1997இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருவள்ளூரின் மின் வரலாறு பெரும்பாலும் மெகாவாட் கணக்கிலும் ஆலைகளின் எண்ணிக்கையிலுமே பேசப்படுகிறது. அதே மின்சாரம் வீட்டுக்குள் நுழைந்தபின் சுவரிலும் கூரையிலும் எவ்வாறு ஓடியது, அது தீயாக மாறாமலிருக்க ஒவ்வொரு தலைமுறையும் என்ன ஏற்பாடு செய்தது என்பதும் அந்த வரலாற்றின் பகுதியே. அதனைத் தொடர்ந்து பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது: வீட்டின் மின்சுமை எப்போதும் முன்னே சென்றது, கம்பி அதன் பின்னே வந்தது, கம்பியைச் சோதிக்கும் வழக்கமோ இன்றுவரை வந்து சேரவில்லை.

மின்தீ குறித்த அச்சம் மின்விளக்கோடு உடன்பிறந்தது. எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கிய 1882ஆம் ஆண்டிலேயே, இலண்டனில் பீனிக்ஸ் என்னும் தீக்காப்பீட்டு நிறுவனத்தின் பொறியாளர் மஸ்கிரேவ் ஹீஃபி மின்கம்பி அமைப்புக்கான விதிகளை வகுத்தார். அதே ஆண்டில் அங்கிருந்த தந்தி, மின் பொறியாளர் சங்கமும் மின்விளக்கால் நேரும் தீ இடர்களைத் தடுப்பதற்கென்றே ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. இன்று மின்சாரம் என்றதும் அதிர்ச்சியே முதல் ஆபத்தாக நினைவுக்கு வந்தாலும், வீட்டுக் கம்பிக்காக எழுதப்பட்ட முதல் விதிகள் தீயை எண்ணியே எழுதப்பட்டன என்பது கருதத்தக்கது. அவ்விதிகளின் அடிப்படை எளிது. கம்பி வழியே மின்னோட்டம் செல்லும்போது அதன் தடையால் வெப்பம் பிறக்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. அந்த வெப்பம் வெளியேறும் வேகத்தைவிடப் பிறக்கும் வேகம் மிகுந்தால் முதலில் கம்பியின் மேலுறையும் பின்னர் அதை ஒட்டியிருக்கும் மரமும் ஓலையும் துணியும் பற்றிக்கொள்கின்றன.

இந்தியாவில் 1887, 1903, 1910 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து மின்சாரச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சென்னை நகரில் தனியார் நிறுவனமான மதராஸ் மின்வழங்கல் கழகம் பேசின் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து விளக்குகளுக்கு மின்சாரம் தந்தது. 1927இல் மாகாண அரசின் மின்துறை தோன்றியது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கியது. 1947இல் தனியார் கழகம் அரசுடைமையானது. 1957 சூலை 1 அன்று மாநில மின்வாரியம் பிறந்தது. நகரத்தை ஒட்டியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதிச் சிற்றூர்களுக்கு மின்சாரம் பரவலாக வந்தது விடுதலைக்குப் பிந்தைய திட்டக் காலங்களில்தான். தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் கிணற்றுப் பாசனத்துக்கான பம்ப்செட்டுகளே மின்கம்பத்தை ஊருக்குள் அழைத்து வந்தன. வயலுக்குச் சென்ற கம்பியிலிருந்து தெருவிளக்கும், தெருவிளக்கிலிருந்து வீடும் இணைப்புப் பெற்றன.

அக்கால வீட்டுக் கம்பி அமைப்பு ஒரு கைத்தொழிலாக இருந்தது. தேக்குச் சட்டத்தைச் சுவரில் அறைந்து, அதன்மேல் ரப்பர் உறையிட்ட கம்பிகளை மெல்லிய உலோகப் பட்டைகளால் வரிசையாகப் பிடித்துச் செல்லும் கட்டை ஒயரிங் முறை நெடுங்காலம் நீடித்தது. கம்பி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஓடியதால், உறை வெடித்திருந்தாலும் கறுத்திருந்தாலும் வீட்டாரே கண்டுகொள்ள முடிந்தது. எனினும் ரப்பர் சில ஆண்டுகளில் காய்ந்து உதிரும் இயல்புடையது, அதைத் தாங்கிய சட்டமோ எரியும் பொருள். பின்னர் பிவிசி உறைக் கம்பியும், சுவருக்குள் பதிக்கப்படும் பிவிசி குழாயும் அந்த இடத்தைப் பிடித்தன. பொதுவான பிவிசி உறை 70 பாகை செல்சியஸ் வரையிலான கம்பி வெப்பத்துக்கே ஏற்றது என்பதால், அதிகச் சுமை ஏற்றினால் அதுவும் இளகிக் கருகும். கம்பி சுவருக்குள் மறைந்துவிட்டதால் அந்தக் கருகல் இப்போது யாருடைய கண்ணிலும் படுவதில்லை. வீடு அழகானபோது, கண்ணால் பார்த்து எச்சரிக்கையாகும் வாய்ப்பு குறைந்தது.

இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தியவை 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். அவற்றின் 45ஆம் விதி, மின்னமைப்பு வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே தகுதிச் சான்றுள்ள மேற்பார்வையாளரின் கீழ் செய்ய வேண்டும் என்றது. அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அம்பத்தூர் போன்ற ஊர்களின் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீசியன், ஒயர்மேன் பிரிவுகளில் பயின்ற இளைஞர்கள் ஆலைகளிலும் ஊர்களிலும் இத்தொழிலுக்கு வந்தனர். இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 732 என்னும் நெறிமுறை, விளக்கு, விசிறிச் சுற்று ஒன்றில் பத்து முனைகளுக்கும் 800 வாட்டுக்கும் மேல் இருக்கக் கூடாது என்றும், அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்குத் தனிச் சுற்று வேண்டும் என்றும் அளவு வகுத்தது. கரியும் உப்பும் மாற்றி மாற்றி நிரப்பிய குழியில் உலோகத் தகட்டையோ குழாயையோ புதைத்து, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் செலுத்தும் எர்த் அமைப்பும் இக்காலத்தில் ஒயர்மேன்களின் வழக்கமான வேலைகளில் ஒன்றாயிற்று.

இவ்வளவு ஏற்பாட்டிலும் தீக்கு எதிரான இறுதிக் காவல் ஒரு சிறு பீங்கான் துண்டிடமே இருந்தது. பீஸ் கட்டை என்று வழங்கும் அதன் இரு முனைகளுக்கிடையே, குறித்த அளவுக்கு மேல் மின்னோட்டம் சென்றால் உருகி அறுந்துபோகும் மெல்லிய கம்பி கட்டப்படும். வீட்டுக் கம்பி சூடேறுமுன் தான் உருகிச் சுற்றைத் துண்டிப்பதே அதன் பணி. ஆனால் அந்தக் கம்பியை மாற்றுவது வீட்டாரின் கையிலேயே விடப்பட்டது. அடிக்கடி பீஸ் போனால் சுமை மிகுந்துவிட்டது என்று கொள்ளாமல், கம்பி மெல்லியது என்று கொண்டு, கிடைத்த செப்புக் கம்பியில் இரண்டு மூன்று இழைகளை முறுக்கிக் கட்டும் வழக்கம் வேரூன்றியது. அவ்வாறு கட்டிய வீட்டில் பீஸ் போவதில்லை. அதற்குப் பதிலாகச் சுவரில் ஓடும் கம்பியே பீஸ் கம்பியாகிவிடுகிறது. ஒரு பாதுகாப்புக் கருவி தன் பெயரோடும் வடிவத்தோடும் அங்கேயே இருக்க, அதன் பாதுகாப்பு மட்டும் நீங்கிவிட்ட நிலை அது.

கூரை வீடுகளின் நிலை தனித்துச் சொல்லத்தக்கது. குடிசைகளுக்கு ஒரு விளக்கு என்னும் தமிழக அரசின் ஏற்பாடும், 1988–89இல் மைய அரசு தொடங்கிய குடீர் ஜோதித் திட்டமும் ஏழை வீடுகளுக்கு முதன்முதலாக வெளிச்சம் தந்தன. மண்ணெண்ணெய் விளக்கால் நேர்ந்த தீயைக் குறைத்தவை என்னும் வகையில் அவையே தீத்தடுப்பு நடவடிக்கைகளாகவும் அமைந்தன. ஆயினும் 40 வாட் விளக்கு ஒன்றுக்கென இழுக்கப்பட்ட அந்தக் கம்பி, பனையோலைக் கூரையின் மூங்கிலில் கட்டப்பட்டு, மழையில் நனைந்து, காற்றில் உரசி, எலிக்கும் இரையானது. உறை தேய்ந்த இடத்தில் எழும் ஒரு பொறி போதும். கோடையில் காய்ந்த ஓலை பற்றிக்கொள்ளும்.

வீட்டுச் சுமையின் பெரும் பாய்ச்சல் 2000த்துக்குப் பின் வந்தது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தமிழ்நாட்டு வீடுகளின் அன்றாட உழைப்பைக் குறைத்த நல்ல மாற்றங்கள். பெண்களின் நேரத்தை மீட்டுத் தந்தவை என்று அவற்றைக் கூறுவது மிகையாகாது. ஆனால் கருவிகளோடு புதிய கம்பி வரவில்லை. பின்னர் குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் சூடேற்றி, ஏசி ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2,000 வாட் சூடேற்றி ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்குமெனப் போடப்பட்ட 1 சதுர மி.மீ. கம்பியில் 6 ஆம்பியர் பிளக் வழியாக அதை ஓட்டுவதும், அதே பிளக்கில் நீட்சிப் பலகையைச் செருகி மேலும் இரண்டு கருவிகளை இணைப்பதும் 1882இல் அஞ்சப்பட்ட அதே தீயை அழைப்பதாகும்.

அதிகச் சுமை மட்டுமே காரணம் அன்று. இறக்குமதிச் செம்பு அரிதாயிருந்த ஆண்டுகளில் இந்தியாவில் அலுமினியக் கம்பி பரவலாகப் பயன்பட்டது. திருகின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல மெல்ல நெகிழும். அதன் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். இவ்விரண்டாலும் இணைப்பு தளர்ந்து அந்த ஒரு புள்ளியில் வெப்பம் குவியும். பழவேற்காடு முதல் எண்ணூர் வரையிலான கடலோர ஊர்களில் உப்புக்காற்று திருகுகளையும் பிளக் பின்களையும் அரிப்பதால் செம்புக் கம்பியிலும் இத்தளர்வு நேரும். லூஸ் கனெக்‌ஷன் என்று எளிதாகச் சொல்லிக் கடந்துபோகும் இக்குறை பீஸுக்குத் தெரிவதில்லை. ஏனெனில் அங்கே மின்னோட்டம் அளவு கடப்பதில்லை, அளவுக்குட்பட்ட மின்னோட்டமே தளர்ந்த இடத்தில் பொறியாகிறது. சுவிட்சின் வெதுவெதுப்பும், பிளக்கைச் சுற்றிய பழுப்பும், கருகிய பிளாஸ்டிக் வாடையுமே அதன் முன்னறிவிப்புகள்.

கருவிகளின் வளர்ச்சி இக்குறைகளில் சிலவற்றைத் தீர்த்தது. 1924இல் செருமனியின் மன்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டாட்ஸின் நிறுவனத்தில் உருவான சிறு மின்துண்டிப்பான், இன்று டிரிப்பர் என்ற பெயரில் நகர வீடுகளில் பீஸ் கட்டையின் இடத்தைப் பெற்றுள்ளது. வீட்டார் அதில் தடித்த கம்பி கட்ட இயலாது என்பதே அதன் பெரும் சிறப்பு. மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் கருவியையும் சட்டம் ஏற்றுக்கொண்டது: மைய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், குறைந்த சுமையுள்ள சிறிய இணைப்புகளை விலக்கி, மற்ற இணைப்புகளில் அக்கருவி வேண்டும் என்றன. இந்த விலக்கு, மெலிந்த கம்பியும் எரியும் கூரையும் கொண்ட சிறிய வீடுகளையே பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியது என்பதைக் கவலையோடு சொல்ல வேண்டும். டிரிப்பருக்கும் எல்லை உண்டு: 1 சதுர மி.மீ. கம்பிக்கு 32 ஆம்பியர் டிரிப்பர் பொருத்தினால், அது பழைய செப்பு இழையின் வேலையையே செய்யும்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இந்த வரலாறு கூர்மையடையும் இடம், ஆலைக்கும் அதன் தொழிலாளர் வீட்டுக்கும் இடையிலான தொலைவாகும். உயர் அழுத்த இணைப்புப் பெற்ற ஆலை மின் ஆய்வாளரின் பார்வைக்குட்பட்டது. அங்கே வேலை நேரத்தில் பாதுகாக்கப்படும் தொழிலாளி, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவராயினும் உள்ளூர்க்காரராயினும், இரவில் உறங்குவது சில நேரம் ஒரே மீட்டரிலிருந்து பல அறைகளுக்குக் கம்பி இழுத்த லைன் வீட்டில். அடுப்பும் விசிறியும் கைப்பேசி மின்னூட்டிகளும் ஒரே பலகையில் தொங்கும் அறைகளில் இப்போது மின் இருசக்கர வண்டியும் சேர்ந்துள்ளது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் மின்னூட்டம் செய்யப்பட்ட வண்டி பற்றி எரிந்ததில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். அவ்வாண்டின் மின்வண்டித் தீ நிகழ்வுகளை அடுத்து, மின்கலங்களுக்கான ஏஐஎஸ் 156 பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. மின்கலத்துக்கு விதி திருந்தியது. அதை மின்னூட்டும் சுவர் பிளக் பழையதாகவே உள்ளது.

இதற்கு அடிப்படைக் காரணம் ஆய்வுமுறையில் உள்ளது. 1956 விதிகளின் 46ஆம் விதி, நுகர்வோரின் மின்னமைப்பு ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் சோதிக்கப்பட வேண்டும் என்றது; 2010 ஒழுங்குமுறைகளோ குறித்த மின்னழுத்தத்துக்குக் கீழுள்ள அமைப்புகளை உரிமையாளரே சோதித்துச் சான்றளிக்க விட்டன. நடைமுறையில், சாதாரண வீட்டுக் கம்பி கவனமாகச் சோதிக்கப்படுவது இணைப்பு வழங்கும் நாளில் மட்டுமே. அதற்குப் பின் இருபது, முப்பது ஆண்டுகள் சுமை ஏறிக்கொண்டே போக, கம்பியின் காப்புத் தடையை அளக்கும் மெக்கர் கருவி அந்த வீட்டு வாசலை மீண்டும் மிதிப்பதில்லை.

ஆகவே இவ்வட்டாரத்துக்கு இன்று வேண்டியது புதிய கண்டுபிடிப்பு அன்று. 46ஆம் விதி சொன்ன மறுசோதனையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதே. வீடு வாடகைக்குக் கைமாறும்போதும், ஏசி அல்லது மின்வண்டிக்காகச் சுமை கூட்டும்போதும், கம்பி இருபது ஆண்டைக் கடக்கும்போதும் உரிமம் பெற்ற ஒயர்மேன் ஒருவர் காப்புத் தடையையும் எர்த்தையும் சோதித்து, தளர்ந்த திருகுகளை இறுக்கி, கம்பிக்கேற்ற டிரிப்பரைப் பொருத்த வேண்டும். பெருஞ்சுமைக் கருவிகளுக்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனிக் கம்பியும் வேண்டும். குறைந்த சுமையுள்ள சிறிய வீட்டுக்கும் கசிவுத் துண்டிப்பான் எட்ட வேண்டும். குடிசைகளுக்கும் லைன் வீடுகளுக்கும் இச்செலவை மின்பகிர்மானக் கழகமும், சிப்காட் வளாக ஆலைகளும், தொழிற்பயிற்சி நிலையங்களும் பகிர்ந்துகொள்வது இயலாத ஒன்றன்று. விலையில்லா விளக்கையும் மிக்சியையும் வீடு தோறும் சேர்த்த மாநிலத்துக்கு, அந்த விளக்கையும் மிக்சியையும் தாங்கும் கம்பியைச் சோதித்துக் கொடுப்பதும் அதே கடமையின் மீதிப் பாதியாகும்.