கல்லூரி நூலகமும் கொள்ளைநோயும்: 2020-க்கு முன்பே முடிந்திருந்த வேலைகள்

2020 மார்ச் 17 அன்று தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. அடுத்த வாரமே நாடு முழுக்க ஊரடங்கு. எங்கள் பொங்கலூர்ப் பக்கம் விசைத்தறிச் சத்தம் நின்றது, திருப்பூரில் பனியன் கம்பெனிகள் மூடின. பல்லடம், திருப்பூர், கோவை என்று தினமும் பஸ் ஏறிப் படிக்கப் போன பிள்ளைகள் எல்லாரும் வீட்டில். அவர்களில் ஆய்வேட்டைப் பாதியில் வைத்திருந்தவர்களும் உண்டு. கையில் போன் இருந்தது, டேட்டாவும் இருந்தது. புத்தகம்தான் பூட்டிய நூலகத்துக்குள் மாட்டிக்கொண்டது.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன், நூலகவியல் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. அந்த மாதங்களில் சில நூல்கள் ஒரு நிமிடத்தில் கிடைத்தன, சில எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? தேடிப் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: கிடைத்தவை பெரும்பாலும் ஊரடங்கு நாளில் யாரோ அவசரமாகச் செய்ததால் கிடைக்கவில்லை. பத்து, இருபது, சில சமயம் எழுபது வருடம் முன்னால், நோயைப் பற்றிய நினைப்பே இல்லாமல் செய்த வேலைகளால் கிடைத்தன.

புத்தகத்தைப் பார்த்துப் பயந்த காலம்

நூலகங்கள் முதலில் பயந்தது புத்தகத்தைப் பார்த்துத்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், அம்மையோ காசநோயோ வந்த வீட்டுக்குப் போன புத்தகம் நோயைச் சுமந்து திரும்பும் என்று நம்பினார்கள். ஃபார்மலின் புகை போட்டார்கள், சிலவற்றை எரித்தார்கள். தொற்றுநோய் உள்ளவர் நூலகப் புத்தகத்தைக் கையாள்வதற்கு எதிராக 1907-ல் பிரிட்டனில் சட்டமே வந்தது.

அதே காலத்தில்தான் நம் கொங்குப் பக்கம் பிளேக் திரும்பத் திரும்ப வந்தது. ஊரைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்துச் சாளைகளில் போய்த் தங்கிய கதைகளை இங்கே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். கோவையில் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் இருக்கின்றன. 1896-ல் பம்பாயில் வந்த பிளேக்கை ஒட்டி 1897-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான் 2020-லும் தமிழ்நாடு அரசு எடுத்துப் பயன்படுத்தியது.

பழைய சட்டத்தோடு பழைய பயமும் கூடவே வந்தது. அமெரிக்காவில் 'ரெல்ம்' என்ற திட்டம் நூலகப் பொருள்கள் மீது கொரோனா வைரஸை வைத்துச் சோதித்தது. தனித்தனியாக வைத்த புத்தகங்களில் 3 நாளில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவற்றில் 6 நாள் கழித்தும் இருந்தது. இதைப் பார்த்துப் பல நூலகங்கள் திரும்பி வந்த புத்தகத்தைத் தனிமைப்படுத்தும் நாட்களைக் கூட்டின. ஆனால் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், பரப்புகளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. பெரிய ஆபத்து காற்றில் இருந்தது, அதாவது பூட்டிய ஜன்னலில். நோய்க்குத் திட்டம் எழுதி வைக்கும் நூலகம் முதலில் தன் வாசிப்பறையின் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கேம்பஸ் என்னும் வேலி

அடுத்தது என் துறை சம்பந்தப்பட்டது. கல்லூரிகள் காசு கட்டி வாங்கும் மின் ஆய்விதழ்கள் பலவும் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் திறக்கும். கல்லூரியின் நெட்வொர்க்கிலிருந்து வந்தால் உள்ளே விடும். அதே மாணவர் வீட்டிலிருந்து வந்தால் யாரோ ஒரு அந்நியர். கேம்பஸைப் பூட்டிய அன்றைக்கே, கட்டிய சந்தாவையும் சேர்த்துப் பூட்டியாகிவிட்டது.

இதற்குத் தீர்வு முன்பே இருந்தது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் 2010 முதல் நடத்தும் 'என்-லிஸ்ட்' திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி லாகின் உண்டு, எங்கிருந்தும் படிக்கலாம். 6,000-க்கு மேற்பட்ட ஆய்விதழ்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் மாணவர் பட்டியலைக் கல்லூரிதான் ஏற்ற வேண்டும். உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்போது எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயில் இருந்தாள். இந்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "அண்ணா, அப்படியொரு லாகின் இருக்குதுன்னே இப்பத்தானுங்க தெரியும்" என்றாள். கல்லூரி பணம் கட்டியிருந்தது, கணக்குதான் யாரும் தொடங்கித் தரவில்லை. ஜூன் மாதம் சேர்க்கையின்போதே ஐடி கார்டோடு லாகினும் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

பட்டியல் இருந்தவர்களுக்கு வழி இருந்தது

2020 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் 'ஹாத்தி டிரஸ்ட்' மின்நூலகம் ஓர் அவசர ஏற்பாட்டைத் தொடங்கியது. ஓர் உறுப்பு நூலகத்தின் அலமாரியில் அச்சுப் பிரதி இருந்து, நூலகம் மூடியிருந்தால், அந்த நூலின் ஸ்கேன் வடிவத்தை அங்குள்ள மாணவர் படிக்கலாம். அலமாரியில் எத்தனை பிரதியோ, ஒரே நேரத்தில் அத்தனை பேர் மட்டும்.

இவ்வளவு சீக்கிரம் இது எப்படி முடிந்தது? உறுப்பு நூலகங்கள் தங்களிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியலை ஏற்கெனவே கணினி வடிவில் கொடுத்து வைத்திருந்தன. பட்டியலையும் ஸ்கேனையும் பொருத்திப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. அக்சஷன் ரிஜிஸ்டர் இன்னும் கையெழுத்து நோட்டாக இருக்கும் கல்லூரியில் இந்த முதல் படியே ஏற முடியாது. இத்தனைக்கும் நியூசிலாந்தில் உருவான 'கோஹா' மென்பொருள் 2000-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

தமிழுக்கு மட்டும் இருந்த ஒரு வசதி

கடைசிப் பூட்டு பதிப்புரிமை. 2020 மார்ச் 24-ல் இன்டர்நெட் ஆர்க்கைவ் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைக் காத்திருப்புப் பட்டியல் இல்லாமல் திறந்துவிட்டது. ஜூன் 1-ல் நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன, ஜூன் 16-ல் அந்தத் திட்டம் நின்றது. 2023-லும், மேல்முறையீட்டில் 2024-லும் ஆர்க்கைவ் தோற்றது. நல்ல எண்ணம் இருந்தது, உரிமை கையில் இல்லை.

இங்கே தமிழின் கதை வேறு. பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-ல் கையகப்படுத்தி, 1955-ல் மக்களுக்குப் பொதுவாக்கியது. பிறகு பாரதிதாசன், புதுமைப்பித்தன், தேவநேயப் பாவாணர், மயிலை சீனி. வேங்கடசாமி என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் 2017-ல் வந்தது. 97,000 நூல்களோடு எரிந்துபோன யாழ்ப்பாணம் நூலகத்தின் வடு ஆறாத மக்களிடமிருந்து 2005-ல் 'நூலகம்' திட்டம் எழுந்தது. அவர்கள் எழுத்தாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் அனுமதி கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்கள். ஒன்று பதிப்புரிமைத் தகராறின் விளைவு, ஒன்று தீயின் விளைவு. எதுவும் வைரஸுக்காகத் தொடங்கியதில்லை.

அதனால் ஊரடங்கில் தமிழ் இலக்கியமோ வரலாறோ படித்த பிள்ளைக்கு ஓரளவு படிக்கக் கிடைத்தது. ஆனால் நிட்டிங் தொழில்நுட்பம், சாயவேதியியல், வணிகவியல் படித்த பிள்ளைக்கு? திருப்பூர் வட்டாரத்தில் அதிகம் தேவைப்படும் படிப்புகள் இவை. பாடநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில், உரிமையும் விலையும் பதிப்பகத்தின் கையில். அவர்கள்தான் நிராயுதபாணியாக நின்றார்கள்.

நம் கல்லூரிகள் இப்போதே செய்யக்கூடியவை

சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, லாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சில் உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுப்பது கற்பித்தலில் அடங்கும் என்று 2016-ல் டில்லி உயர் நீதிமன்றம், டில்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் சொன்னது. இது பிடிஎஃப்பைப் பொதுவெளியில் கொட்டுவதற்கான அனுமதி இல்லை. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தொகுப்பைத் தயாராக வைத்திருக்க இது போதும்.

என் பட்டியல் சின்னதுதான்:

1. அக்சஷன் ரிஜிஸ்டரைக் கணினியில் ஏற்றுவது. மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கும்.
2. சேர்க்கை நாளிலேயே மாணவருக்கு லாகின். வருடம் ஒரு நாள், வீட்டிலிருந்து எல்லாரும் திறந்து பார்க்கும் ஒத்திகை.
3. சந்தா ஒப்பந்தத்தில் கேம்பஸுக்கு வெளியேயும் படிக்கும் உரிமையைக் கேட்டு எழுதி வாங்குவது.
4. செமஸ்டருக்கு ஒரு பாடத் தொகுப்பு.
5. நீண்ட விடுமுறையின்போது கட்டுப்பாடு தளர்ந்து, மாணவர் அள்ளிக்கொண்டு போகும் அளவுக்குப் புத்தகம் கொடுப்பது. போன் இல்லாத வீட்டுக்கு அச்சுப் புத்தகம் மட்டும்தான் வழி.

ஐந்தையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது என்பது தெரியும். பல கல்லூரிகளில் நூலகர் ஒரே ஆள். முதலில் எது என்று கேட்டால் ரிஜிஸ்டரைத்தான் சொல்வேன். நாளுக்கு 50 புத்தகம் ஏற்றினாலும், 200 வேலை நாளில் 10,000 ஆகிவிடும். கோஹாவை நிறுவ யாருக்காவது உதவி வேண்டுமென்றால், பல்லடம், காங்கயம் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சனிக்கிழமைகளில் வரத் தயார்.