மேற்கோள் குறிக்கு வந்த காவல்

நிரல் எழுதும் எவருக்கும் \" என்ற ஜோடி பழக்கம். ஸ்ட்ரிங்கின் நடுவே வரும் மேற்கோள் குறியை முடிவு என்று கணினி எடுத்துக்கொள்ளாதிருக்க, முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு ‘எஸ்கேப்’ செய்கிறோம். இந்தத் தொல்லைக்கு வித்திட்டது தட்டச்சுப் பொறியின் சிக்கனம். அச்சகத்தார் “ என்று திறந்து ” என்று மூடினார்கள். பொறி செய்தவர்களோ, விசை மிச்சம் என்று இரண்டுக்கும் " என்ற ஒரே நேர்க்குறியை வைத்தார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். அதே குறியைச் சுவீகரித்த கணினியால் அது முடியவில்லை.

1957இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழிக்கு இந்த வம்பே இல்லை. எழுத்துகளை எண்ணி, அந்த எண்ணையும் ‘எச்’ என்ற எழுத்தையும் முன்னால் போட வேண்டும். (1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளையட்டை எந்திரம் தந்த ஹெர்மன் ஹாலரித்தின் எச் அது.) எண்ணிக்கையில் ஒன்று பிசகினாலும் போச்சு! இதற்கு மேற்கோள் குறியே தேவலை என்று பின்வந்தவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

பேக்ஸ்லாஷ் வந்ததோ வேறு வேலைக்கு. ஐ.பி.எம்.மின் பாப் பெமர் 1961இல் அதை ஆஸ்கி பட்டியலுக்குள் கொண்டுவந்தார். ஆல்கால் மொழியின் ∧, ∨ குறிகளை /\, \/ என்று கோடுகளாலேயே கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. அந்த வேலை நிலைக்கவில்லை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனின் ‘பி’ மொழி நட்சத்திரக் குறியால்தான் எஸ்கேப் செய்தது. அதிலிருந்து டென்னிஸ் ரிட்சி வளர்த்த ‘சி’ பேக்ஸ்லாஷுக்கு மாறியது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் சி-யைப் பார்த்து எழுதிக்கொண்டன. பாஸ்கல், எஸ்.க்யூ.எல். போன்றவை குறியையே இரட்டித்துச் சமாளித்தன.

இப்படி எழுதிய ஸ்ட்ரிங்கை உரைக்குள் தேடிப் பிடிக்க உதவும் வாய்பாடு ரெகுலர் எக்ஸ்பிரஷன்; அது வந்த வழி இன்னும் விசித்திரம். நரம்பணுக்களின் கணித மாதிரியை 1951இல் ஆராய்ந்துகொண்டிருந்த ஸ்டீபன் க்ளீனியிடம் பிறந்தது அது. 1968இல் அதே தாம்ப்சன் அதை உரைக்குள் தேடும் கருவியாக்கினார். யூனிக்ஸின் ‘எட்’, ‘கிரெப்’ வழியே பரவியது. அங்கும் சிறப்புக் குறிகளை அடக்க பேக்ஸ்லாஷ்தான். ஒரே காவலாளிக்கு இரண்டு முதலாளிகள்.

ஸ்ட்ரிங்கைப் பிடிக்கும் வாய்பாடு சின்னதுதான்: "(\\.|[^"\\])*". பேக்ஸ்லாஷும் அடுத்த குறியும் ஜோடியாக, அல்லது மேற்கோளும் பேக்ஸ்லாஷும் அல்லாத ஏதேனும் ஒன்று, எத்தனை முறை வேண்டுமானாலும். அந்த நட்சத்திரம் க்ளீனியுடையது. எஸ்கேப் செய்யும்போது மட்டும் வரிசை தவறக் கூடாது: முதலில் பேக்ஸ்லாஷ்களை இரட்டித்துவிட்டு, அப்புறம்தான் மேற்கோள் குறி. இரட்டிக்க மறந்தால், ஏற்கெனவே இருந்த \" என்பது \\" ஆகி, குறி அவிழ்ந்துகொள்ளும்.

மேலே சொன்ன வாய்பாட்டையே ஜாவா ஸ்ட்ரிங்குக்குள் வைத்தால் "\"(\\\\.|[^\"\\\\])*\"" என்று ஆகிவிடுகிறது. பெர்ல் வட்டாரத்தில் இதற்குச் ‘சாய்ந்த பல்குத்தி நோய்’ என்று பெயர். பைத்தான் ‘ரா ஸ்ட்ரிங்’ என்று ஒரு மருந்து தந்தது. அதனுள் பேக்ஸ்லாஷ் வெறும் பேக்ஸ்லாஷ்தான். ஆனால் அந்த ஸ்ட்ரிங்கையும் ஒற்றை பேக்ஸ்லாஷில் முடிக்க முடியாது: மூட வரும் மேற்கோள் குறியை அது தடுத்துவிடும்.