கரண்ட் போனா செட்டிங்ஸ் எங்கே?

மென்பொருளின் செட்டிங்ஸை எங்கே சேமிக்கிறது? விண்டோஸ் 3.1 (1992) காலத்தில் பெரும்பாலும் ஐஎன்ஐ கோப்புதான். நோட்பேடில் திறந்து படிக்கலாம். விண்டோஸ் 95 ரெஜிஸ்ட்ரி என்ற பைனரி கோப்புகளுக்கு மாறுச்சு. லினக்ஸில் குனோம் 2011-ல் டிகான்ஃப் என்ற பைனரிக்குப் போச்சு; கேடிஈ இன்னைக்கும் டெக்ஸ்ட்தான்.

எது வேகம் என்றுதான் பேசுவாங்க. நம்ம பக்கத்துக்கு முதல் கேள்வி வேற.

2009-ல் உபுண்டு 9.04 சோதனைப் பதிப்பில் எக்ஸ்ட்4 போட்டவர்களுக்கு, கணினி திடீரென நின்றால் கேடிஈ, குனோம் செட்டிங்ஸ் கோப்புகள் பூஜ்ய பைட்டாகக் கிடந்தன. கோப்பின் பெயர் மாற்றம் வட்டில் பதிந்துவிட்டது; உள்ளடக்கம் இன்னும் மெமரியிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் மின்வெட்டு அன்றாடமாக இருந்த வருஷங்கள் அவை. அருப்புக்கோட்டை தறிக்கூடத்திலோ திருச்சுழி ஜெராக்ஸ் கடையிலோ, யூபிஎஸ் இல்லாத கணினிக்குக் கரண்ட் போவதே கிராஷ்தான்.

கெர்னல் 2.6.30 அதைச் சரிக்கட்டியது. ஆனாலும் நம்பகமான வழி பழசுதான்: தற்காலிகக் கோப்பில் எழுதணும், எஃப்சிங்க் செய்யணும், பிறகே பெயரை மாத்தணும். இப்படிச் செய்தால் டெக்ஸ்டும் தாங்கும், பைனரியும் தாங்கும்.

அதையும் மீறிக் கெட்டுப்போனா? டெக்ஸ்ட் கோப்பை போனிலேயே வரி வரியா வாசிக்கச் சொல்லித் திருத்திடலாம். பைனரியில் அது நடக்காது. என் ஓட்டு டெக்ஸ்டுக்கே.